இருமினால் ஒழுகுது, சாக்கு தூக்கினால் அடி இறங்குது: அடித்தசைப் பயிற்சியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஊவா மிட்வைஃப்

எல்லோருக்கும் வணக்கம். பண்டாரவளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மூன்று டிவிஷன் பெண்களுக்குச் சேர்த்து ஒரு அடித்தசைப் பயிற்சி வகுப்பு இருக்கிறது. இடம் பிள்ளைக்காம்பரா (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையம்), நேரம் 45 நிமிடம். வருகிறவர்கள் 25 முதல் 55 வயது வரை, கிட்டத்தட்ட எல்லோருமே கொழுந்து எடுப்பவர்கள். தனித்தனியாகப் பரிசோதிக்க அங்கே வசதி கிடையாது.

கையில் ஒரு பழைய துண்டுப் பிரசுரம் இருக்கிறது. "ஒண்ணுக்குப் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகுங்கள், ஒரு நாளைக்கு 100 தடவை இறுக்குங்கள்" என்று போட்டிருக்கிறது. இதை அப்படியே சொல்லலாமா? இல்லையென்றால் எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது? பெண்நோய், பிஸியோ பிரிவில் இருப்பவர்கள் விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

கண்டி பிஸியோ

மிஸ், முதலில் அந்த இரண்டு வரியையும் அடித்துவிடுங்கள்.

சிறுநீர்ப்பை சுருங்கும்போது அடித்தசை தளர வேண்டும். இரண்டுக்கும் உள்ள ஒப்பந்தம் அதுதான். தினமும் நடுவில் மறித்தால் அந்த ஒப்பந்தம் குழம்பி, பை முழுதாகக் காலியாகாமல் மிச்சம் தங்கும். தங்கிய சிறுநீரில் கிருமி வளரும். வாழ்நாளில் ஒரு தடவை "எந்தத் தசை என்று தெரிகிறதா" என்று பார்க்க நிறுத்தினால் கெடுதல் இல்லை, பயிற்சியாக்கினால்தான் வினை. 100 தடவை என்பதும் எண்ணிக்கைக்காகச் செய்யும் அரைகுறை இறுக்கலில்தான் போய் முடியும். தசை களைத்த பிறகு தொடையும் புட்டமும்தான் வேலை செய்துகொண்டிருக்கும்.

பெண்களுக்கு உடம்பைப் புரியவைக்க ஏணையைச் சொல்லுங்கள். முன்னால் பூப்பென்பு, பின்னால் வால் எலும்பு, இரண்டு பக்கமும் உட்காரும் எலும்புகள். இந்த நாலுக்கும் நடுவில் ஏணை கட்டியதுபோல் ஒரு தசைத் தட்டு, அதுதான் அடித்தசை. அதன்மேல் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. சிறுநீர், பிறப்பு, மலம் என்று மூன்று வழியும் இதை ஊடுருவித்தான் வெளியே வருகின்றன. இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம் கீழே பாயும். அந்த நொடியில் ஏணை தானாக மேலே இழுபட வேண்டும். பிரசவத்தில் இழுபட்டுத் தொய்ந்தாலோ, நரம்பு அடிபட்டாலோ, வருடக்கணக்கில் மலச்சிக்கலோடு முக்கினாலோ, அடுப்புப் புகையில் தீராத இருமல் பிடித்தாலோ அந்த இழுப்பு பிந்திப்போகும், அல்லது வராமலே போகும்.

இந்தத் தசையில் ஏறக்குறைய 70 சதவீதம் நின்று தாங்கும் மெதுவான நார், மிச்சம் திடீரென்று இறுகும் வேகமான நார். அதனால்தான் நீண்ட பிடிப்பும் வேண்டும், சட்டென்ற இறுக்கலும் வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் பாதிப் பயிற்சி.

வாட்டு மிஸ்

கண்டி பிஸியோ சொன்னதோடு ஒன்று. 1948இல் டாக்டர் ஆர்னல்ட் கீகல் இந்தப் பயிற்சியை எழுதியபோது, விரல் பரிசோதனையாலும் அழுத்தம் காட்டும் ஒரு கருவியாலும் தசை சரியாக இறுகுகிறதா என்று பார்த்துத்தான் செய்யவைத்தார். பிற்பாடு பரிசோதனை கழன்றுபோய் "இறுக்கு, விடு" மட்டும் ஊரெல்லாம் பரவிவிட்டது. 1991இல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர். நாலில் ஒருவர் ஒழுகலைக் கூட்டக்கூடிய விதத்தில் செய்துகொண்டிருந்தார்.

ஆகவே மிஸ், வகுப்பில் "எல்லோரும் இறுக்குங்க" என்று சொல்லிவிட்டு வருவது போதாது. மேலே இழுக்கிறாரா, கீழே முக்குகிறாரா என்று ஒவ்வொருவரும் தானே கண்டுபிடிக்க வழி காட்டியாக வேண்டும்.

ஊவா மிட்வைஃப்

அதுதான் என் சிக்கலே. பரிசோதனை இல்லாமல் எப்படிக் கண்டுபிடிக்கவைப்பது?

கண்டி பிஸியோ

துவாய் போதும். கைத்துவாயை இறுக்கமாகச் சுருட்டி, கட்டை நாற்காலியிலோ வாங்கிலோ நீளவாக்கில் வைத்து, இரண்டு உட்காரும் எலும்புக்கும் நடுவில் வரும்படி அதன்மேல் உட்காரச் சொல்லுங்கள். மெத்தை இருக்கை வேண்டாம், ஒன்றும் தெரியாது. பாதம் தரையில், முதுகு நேர், கை மடியில்.

சொல்ல வேண்டிய வார்த்தை இது: "நாலு பேர் நடுவில் வாய்வை அடக்குவதுபோல் பின்வழியை மூடுங்கள். மூடினதை அப்படியே முன்னால் ஒண்ணுக்குப் போகும் துவாரம் வரை கொண்டுவந்து, தொப்புளைப் பார்த்து மேலே தூக்குங்கள்." வெறுமனே "இறுக்குங்கள்" என்றால் தொடையைத்தான் இறுக்குவார்கள். "தூக்குங்கள்" என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது.

சரியாக வந்தால் துவாயிலிருந்து சதை மெல்ல விலகி எழுவது தெரியும். விடும்போது மறுபடி துவாயில் அமரும். விடுவது தெரியவில்லை என்றால் தூக்கவே இல்லை, அல்லது தூக்கினதை விடத் தெரியவில்லை. துவாய்மேல் அழுத்தம் கூடினால் முக்குகிறார், அங்கேயே நிறுத்துங்கள்.

நீங்கள் முன்னால் நின்று பார்க்க வேண்டியவை: தோள் ஏறுகிறதா, மூச்சு நிற்கிறதா, புட்டம் இறுகி ஆள் உயருகிறாரா, முழங்கால்கள் ஒட்டுகின்றனவா, மேல்வயிறு முன்னால் தள்ளுகிறதா. அடிவயிறு கொஞ்சம் உள்ளே போவது சரி. மூச்சு நிற்கிறவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது.

வீட்டில் தனியாக இருக்கும்போது கைக்கண்ணாடி வைத்தும் பார்க்கலாம். முதுகுக்குத் தலையணை கொடுத்து, முழங்காலை மடித்துச் சாய்ந்து படுத்துத் தூக்கினால், பிறப்பு வழிக்கும் மலவாய்க்கும் நடுவில் உள்ள இடம் உள்ளே போக வேண்டும். வெளியே பிதுங்கினால் தவறு. லயத்து அறையில் தனிமை கிடைப்பது லேசில்லை என்பது தெரியும், குளிக்கும் நேரம் ஒத்துவரும். அப்போது சுத்தமான விரலை அந்த இடத்தின் மேல் வைத்தாலே உள்ளே போவதும் பிதுங்குவதும் தெரிந்துவிடும்.

மகப்பேற்று டாக்டர்

பயிற்சிக்கு முன்னால் ஒரு வடிகட்டல் வேண்டும். இதைத் தவறவிட்டால் நல்ல பயிற்சியும் கெடுதலாகும்.

சிறுநீரில் இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு, கஷ்டப்பட்ட பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ பிறகு இரவும் பகலும் ஓயாமல் சொட்டுவது: இவர்களை வகுப்பில் உட்காரவைக்காமல் கிளினிக்குக்கு அனுப்புங்கள். ஓயாத சொட்டல் பைக்கும் பிறப்பு வழிக்கும் நடுவில் துளை விழுந்ததாக இருக்கலாம், எந்தப் பயிற்சியும் அதை மூடாது. இடுப்பு வலியோடு திடீரென்று ஒண்ணுக்கு அடைத்து, இரண்டு காலுக்கு நடுவில் மரத்து, காலும் தளர்ந்தால் முதுகெலும்புக்குள் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். அதற்கு 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

எரிச்சலோடு அடிக்கடி போகிறவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை, தாகத்தோடு அதிகமாகப் போகிறவர்களுக்குச் சீனிப் பரிசோதனை. இந்த இரண்டும் வெல் வுமன் கிளினிக்கிலேயே (பெண்களுக்கான அரசாங்கப் பரிசோதனைக் கிளினிக்) முடிகிற காரியம்.

மிச்சமுள்ளவர்களை நாலு கேள்வியால் பிரிக்கலாம். இருமினால், தும்மினால், தூக்கினால் ஒழுகுகிறதா? நினைப்பு வந்ததும் அடக்க முடியாமல் வழியிலேயே போய்விடுகிறதா? சாயங்காலம் கீழே ஏதோ இறங்கி முட்டுவதுபோல் இருக்கிறதா? தாம்பத்தியத்தில் வலி, ஒண்ணுக்கு வரத் தாமதம், வால் எலும்பில் வலி, எவ்வளவு போனாலும் மிச்சமிருப்பது போன்ற உணர்வு உண்டா? நாலாவது கேள்விக்கு ஆம் என்கிறவர்களுக்கு இறுக்கும் பயிற்சியைக் கொடுக்காதீர்கள். பிஸியோக்கள் இதைத் தனியாக எழுதட்டும். வகுப்புகளில் அதிகம் கைவிடப்படுகிறவர்கள் இவர்கள்தான்.

ஹட்டன் பிஸியோ

எழுதுகிறேன் டாக்டர், இது பேசியே ஆக வேண்டிய விஷயம்.

இந்தப் பெண்களின் தசை பலவீனமாக இருக்கலாம், ஆனால் அது தளர்ந்த பலவீனம் இல்லை. எந்நேரமும் இறுகியே கிடப்பதால் வரும் பலவீனம். கையை நாள் முழுதும் முஷ்டியாக வைத்திருந்தால் ஒரு பொருளைப் பிடிக்கவே வலு இருக்காதே, அதே கதை. அதன்மேல் போய் "இன்னும் இறுக்கு" என்றால் வலி கூடும், ஒண்ணுக்கு இன்னும் அடைக்கும், மலச்சிக்கல் கெட்டிப்படும்.

இவர்களுக்கு முதல் ஆறு வாரம் விடுவதுதான் பயிற்சி. மல்லாந்து படுத்து, காலைத் தலையணைமேல் மடித்துப் போட்டு, ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மூக்கால் மூச்சு இழுக்கும்போது வயிற்றுக் கை எழ வேண்டும், நெஞ்சுக் கை எழக் கூடாது. மூச்சு உள்ளே போகும்போது உதரவிதானம் இறங்கும், அதோடு ஏணையும் இறங்கி விரியும். வெளியே விடும்போது இரண்டும் மேலே வரும். மலர் விரிவதுபோல் பின்வழி விரிகிறது என்று மனதில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 5 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. அதன்பிறகு முழங்காலிட்டுக் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்து 1 நிமிடம், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு முழுக் குந்தலில் 1 நிமிடம். குந்தும்போது முழங்கால் வலித்தால் குதிகாலுக்குக் கீழே சுருட்டிய சாக்கைக் கொடுக்கலாம்.

இதில் தேறாதவர்களுக்குப் பயிற்சி பெற்ற பிஸியோ உள்ளே விரல் வைத்து இறுகிய இடங்களைத் தளர்த்த வேண்டும். சம்மதம் கேட்டு, கையுறை போட்டு, கூட ஒரு பெண் உதவியாளரை வைத்துத்தான் செய்வார்கள். "போதும்" என்று சொன்ன நொடியில் நிறுத்துவார்கள். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள், இல்லாவிட்டால் பயந்துகொண்டு பாதி வழியில் திரும்பிவிடுவார்கள்.

கண்டி பிஸியோ

இனி ஒழுகுகிறவர்களுக்கான அளவு. இங்கிலாந்தின் 2019 வழிகாட்டல் சொல்வது, ஒரு தடவைக்கு குறைந்தது 8 இறுக்கல், நாளைக்கு 3 தடவை, கண்காணிப்போடு குறைந்தது 3 மாதம். இதை அடிப்படையாக வைத்துக்கொண்டு ஆளுக்கேற்ப மாற்ற வேண்டும்.

துவாயில் உட்கார்ந்து எத்தனை விநாடி தளராமல் பிடிக்க முடிகிறது என்று முதல் நாள் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு 4 விநாடி என்றால் அவருடைய ஆரம்பம் 4 விநாடிதான், 10 இல்லை. 4 விநாடி பிடித்து, 8 விநாடி முழுசாக விட்டு, 8 தடவை. ஒரு நிமிடம் ஓய்வு. பிறகு சட்டென்று தூக்கிச் சட்டென்று விடும் வேக இறுக்கல் 8. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாரத்துக்கு ஒரு விநாடி கூட்டி 10 விநாடி வரை போகலாம். பிடிப்பு நடுவில் நழுவினால் முந்தைய வாரத்து அளவுக்கே திரும்புங்கள்.

மிகவும் பலவீனமானவர்கள் உட்கார்ந்து ஆரம்பிக்க வேண்டாம். படுத்து, இடுப்புக்குக் கீழே தலையணை வைத்தால் உள்ளுறுப்புகளின் பாரம் தசையை விட்டு விலகும். இரண்டு, மூன்று வாரத்தில் உட்கார்ந்தும், அதன்பிறகு நின்றும், பிறகு நடந்தும், கடைசியாகப் பாரத்தோடும். கொழுந்து எடுப்பவர் நாள் முழுதும் நின்றுகொண்டுதான் இருக்கிறார். படுத்தே பயிற்சி செய்து முடித்தால் மலையில் அது உதவாது.

பலன் ஒரு வாரத்தில் தெரியாது. தசை தடிக்க 6 முதல் 8 வாரமாவது வேண்டும். முதல் மாதம் ஒன்றும் மாறவில்லை என்று பாதிப்பேர் விடுகிறார்கள், அதை முதல் நாளே சொல்லிவையுங்கள்.

ஆனால் ஒரு வாரத்தில் பலன் தருவது ஒன்று உண்டு. இருமலோ தும்மலோ வருகிறது என்று தெரிந்ததும், அதற்கு முன்னால் தூக்கிப் பிடித்து, பிடித்தபடியே இருமி, முடிந்த பிறகு விடுவது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1998இல் இதைச் சோதித்தார்கள். ஒரு வாரம் பழகினதிலேயே இருமும்போது வந்த கசிவு நன்றாகக் குறைந்தது. வலு கூடியதால் இல்லை, நேரம் சரியாக விழுந்ததால். வகுப்பில் மூன்று தடவை எல்லோரையும் சேர்ந்து இருமவையுங்கள். முதல் தடவை எப்போதும்போல், அடுத்த இரண்டு தடவை தூக்கிவிட்டு.

நலன்புரி

தோட்டத்தில் நலன்புரி வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு கேள்வி. அடி இறங்கியவர்களை, அதாவது கர்ப்பப்பை போன்ற உறுப்பு கீழே இறங்கியவர்களை, பாரமே தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கிறார்கள். 18 கிலோ எடுத்தால்தான் பேர் (முழு நாள் சம்பளம்) விழும் என்கிற இடத்தில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அந்த அக்கா என்ன செய்வார்?

ஹட்டன் பிஸியோ

அண்ணா, சீட்டு எழுதுகிறவர்கள் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. லைட் வேலை வாங்கிக் கொடுக்க முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். முடியாதபோது தூக்கும் விதத்தையும் ஒரு தடவை தூக்கும் அளவையும் மாற்றலாம்.

அதிகம் கெடுப்பது சாக்கைத் தரையிலிருந்து எடுத்துத் தலைக்குக் கயிறு மாட்டும் அந்த ஒரு நொடி. குனிந்து, மூச்சை அடக்கி, முறுக்கி எழும்புகிறார்கள். அதை இப்படி மாற்றுங்கள். நிறைந்த சாக்கை இடுப்புயரமுள்ள கல்கட்டிலோ மண் வரம்பிலோ வைப்பது. கூட வேலை செய்கிறவர் ஒரு கை கொடுத்துத்தான் அந்த உயரத்துக்கு ஏற்ற வேண்டும். சாக்குக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கால் முன்னால், முழங்கால் சற்று மடங்கி, கயிற்றை மாட்டுவது. பிறகு அடித்தசையைத் தூக்கி, வாயால் "ஊ" என்று மூச்சை விட்டுக்கொண்டே காலால் எழும்புவது. மூச்சு வெளியே போகிற நேரத்தில் எழும்பினால் அழுத்தம் முழுவதும் கீழே போகாது. இறக்கும்போதும் அதே வரம்பில் உட்காரவைத்து இறக்க வேண்டும், தரையில் தொப்பென்று போடக் கூடாது.

அடுத்தது, ஒரே சாக்காக நிறையும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு நிறுவைக்கும் உள்ளதைக் கொண்டுபோய்க் கொட்டட்டும். இதற்குக் கங்காணியின் ஒத்துழைப்பு வேண்டும், அங்கேதான் உங்கள் உதவி தேவை. மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் சேர்ந்து கனக்கும், அன்றைக்கு இன்னும் சின்னப் பாரமாக.

இன்னொன்று படங்கு. சாக்குத்துணியைச் சுற்றி வயிற்றின் நடுவில் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார்கள். பற்பசைக் குழாயை நடுவில் நெரித்ததுபோல் அழுத்தம் கீழ்நோக்கித்தான் போகும். கயிறு இடுப்பெலும்புமேல் வரட்டும், இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ச்சியாக. பிள்ளை பெற்றதும் சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டும் பழக்கத்துக்கும் இதே பதில்தான். மெல்லிய தாங்கல் போதும், மேலிருந்து நெரிக்கும் கட்டு வேண்டாம்.

மகப்பேற்று டாக்டர்

இறக்கத்தில் நிலை பார்த்துத்தான் முடிவு. இறங்கின உறுப்பு பிறப்பு வழியின் வாசலுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே நின்றால் முதல் நிலை, வாசலை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் இப்படி அப்படி இருந்தால் இரண்டாவது, அதைத் தாண்டி வெளியே வந்தால் மூன்றாவது, முழுதாகத் திரும்பி வந்தால் நான்காவது. முதல் இரண்டு நிலைக்குப் பயிற்சி நன்றாக உதவும், மூன்றாவதிலும் பாரமான உணர்வு குறையலாம். உறுப்பு முழுசாகப் பழைய இடத்துக்கு ஏறிவிடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது நிலைக்காரருக்கும், ஆபரேஷனுக்கு மனமோ உடம்போ இடங்கொடாதவருக்கும் ரிங் பெசரி இருக்கிறது. உள்ளே வைத்துத் தாங்கும் வளையம். அளவு பார்த்துத்தான் வைக்க வேண்டும். வைத்தபின் நடந்து, குந்தி, இருமிப் பார்த்து, ஒண்ணுக்குப் போக முடிகிறதா என்று உறுதி செய்தபிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். 3 முதல் 6 மாதத்துக்கொரு தடவை எடுத்துக் கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறந்துபோய் வருடக்கணக்கில் விட்டால் சதையில் புதைந்துவிடும். மிஸ், உங்கள் பதிவேட்டில் பெசரி வைத்தவர்களுக்கு ஒரு தனிப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்டு மிஸ்

பிரசவித்தவர்களைப் பற்றிக் கொஞ்சம். சிறுநீர் வடியப் போட்ட கதீட்டர் குழாயை எடுத்து, தானாக ஒண்ணுக்குப் போன பிறகு, வலி பொறுக்கும் அளவில் முதல் சில நாட்களிலேயே மெதுவான இறுக்கல் தொடங்கலாம். தையல் பிரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். பிரியாது, இரத்த ஓட்டம் கூடி வீக்கம் வடியத்தான் உதவும். கதீட்டர் உள்ளே இருக்கும்போது மட்டும் செய்யக் கூடாது.

மலவாய்த் தசைவரை கிழிந்தவர்கள், அதாவது மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல்காரர், ஆயுதம் போட்டுப் பிள்ளை எடுக்கப்பட்டவர்கள், இவர்களுக்கு டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போதே பிஸியோ கடிதமும் போக வேண்டும். வாய்வு அடங்காதது, உள்ளாடையில் கறை படுவது இவையெல்லாம் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

தோட்டத்துப் பிரசவ லீவு 12 வாரம், அதில் 2 வாரம் பிரசவத்துக்கு முன்னால் கழியும். தசைப் பயிற்சிக்கு 3 மாதம் வேண்டும் என்கிறோம், 10 வாரத்தில் சாக்கு முதுகுக்கு வந்துவிடுகிறது. அதனால் ஆறாவது வாரக் கிளினிக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் மிச்சம் நாலே வாரம். கர்ப்பக் காலத்திலேயே, 20 வாரம் அளவில் சொல்லிக்கொடுத்துவிட்டால் பிரசவத்துக்குப் பிறகு தேட வேண்டியதில்லை.

ஊவா மிட்வைஃப்

நினைப்பு வந்ததும் அடக்க முடியாத அவசரக்காரர்களுக்கு நேரத்தைத் தள்ளிப்போடும் பயிற்சி என்று படித்திருக்கிறேன். மலையில் மறைவிடம் இல்லாமல் காலையிலிருந்து மதியம்வரை அடக்குகிறவர்களுக்கும் அதையே சொல்வதா?

கண்டி பிஸியோ

கூடவே கூடாது மிஸ். நல்ல வேளை கேட்டீர்கள்.

முதலில் மூன்று நாள் கணக்கு எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குப் போனார், ஒரு பழைய அளவுக் கோப்பையில் பிடித்தால் எத்தனை மில்லி, எப்போது ஒழுகியது, என்ன குடித்தார். எழுதத் தெரியாதவருக்கு வீட்டில் பிள்ளைகள் கோடு போட்டுக் கொடுக்கட்டும். பகலில் 7, 8 தடவை வரை போவது வழக்கமானதே. ஒரு தடவைக்கு 300 முதல் 500 மில்லி பை தாங்கும்.

கணக்கில் 100, 150 மில்லியாக அடிக்கடி போகிறவர் தெரிந்தால் அவருக்குத்தான் தள்ளிப்போடும் பயிற்சி. நினைப்பு வந்ததும் ஓடக் கூடாது, ஓடினால் பை இன்னும் குலுங்கிச் சுருங்கும். நின்ற இடத்தில் நின்று, அல்லது உட்கார்ந்து, 5, 6 வேக இறுக்கல். அது பைக்கு "பொறு" என்று போகும் சேதி. அலை தணிந்ததும் நடந்து போவது. ஒரு மணிக்கொரு தடவை போகிறவர் முதல் வாரம் ஒன்றேகால் மணி, அடுத்த வாரம் ஒன்றரை என்று கால் மணி கூட்டி, மூன்று மணிவரை வரலாம். குறைந்தது 6 வாரம்.

மலையில் நாலைந்து மணி நேரம் அடக்குகிறவர் கதை நேர் எதிர். அவர் பை ஏற்கெனவே அளவுக்கு மீறி விரிகிறது. அதற்குப் பயந்து தண்ணீரையும் குறைக்கிறார். குறைத்தால் சிறுநீர் கடுத்து, பை எரிந்து, அவசரம் கூடுகிறது. கிருமித் தொற்றும் மலச்சிக்கலும் சேர்ந்து வருகின்றன. அவருக்குச் சொல்ல வேண்டியது மூன்று மணிக்கொரு தடவை நினைப்பு வராவிட்டாலும் போகச் சொல்வதும், நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லீட்டர் தண்ணீரும். நலன்புரி அண்ணா, நாலு கம்பும் ஒரு படங்கு மறைப்பும் குழியும் நிறுவை இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நான் எழுதும் பாதி மருந்து மிச்சமாகும்.

தேத்தண்ணியை நிறுத்து என்று தேயிலைத் தோட்டத்தில் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். காலையில் ஒன்று, மாலை 4 மணிக்குள் ஒன்று, சாயத்தைக் குறைத்து. படுக்கப் போகும்முன் பிளேன்டீ வேண்டாம். இரவில் எழும்புவது குறைவதை அவர்களே காண்பார்கள்.

ஹட்டன் பிஸியோ

மலம் கழிக்கும் விதத்தையும் விடாதீர்கள். குந்து கக்கூஸ் இருப்பவர்களுக்கு அதுவே நல்லது. குந்தும்போது மலக்குடலைச் சுற்றி முன்னுக்கு இழுக்கும் தசை தளர்ந்து வழி நேராகும். முழங்கால் வலியால் கொமட் வைத்தவர்கள் காலுக்குக் கீழே 20 சென்டிமீட்டர் உயரப் பலகை வைத்து, முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்ற வேண்டும். வாயை மூடி முக்காமல், வாய் திறந்து "ஹா" என்று மூச்சுவிட்டால் வயிறு விரிந்து கீழே தள்ளும். கொமட்டில் உட்காராமல் அந்தரத்தில் நின்று போகிற பழக்கம் பிடித்த தசையை விடவே விடாது. சாப்பாட்டில் குரக்கன், வல்லாரை, பப்பாசி.

ஒழுகலுக்குத் துணி வைப்பவர்களுக்கும் ஒரு சொல். பனிக்காலத்தில் பழைய சேலைத் துண்டு காயாது. அரை ஈரத்தோடு வைத்தால் இரண்டு தொடையிலும் சிவந்து அரிக்கும். அடுப்புக்கு மேலே புகையில் போடாமல், வெயில் கிடைக்காத நாளில் அயன் போட்டுக் காயவையுங்கள். நனைந்தால் உடனே மாற்றி, வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, வஸ்லின் மெல்லியதாக.

யூரோ கிளினிக் நேர்ஸ்

இழை முழுக்கப் பெண்களைப் பற்றி இருக்கிறது. புரொஸ்டேட் ஆபரேஷன் செய்த ஆண்களுக்கும் இதே தசைதான். அவர்களுக்குச் சொல்லும் வார்த்தை மட்டும் வேறு: "உறுப்பை உள்ளே இழுத்து விதைப்பையை மேலே தூக்குங்க." ஆபரேஷனுக்கு முன்பே பழகி, கதீட்டர் எடுத்த பிறகு தொடர வேண்டும். ஒண்ணுக்குப் போய் முடித்துச் சாரத்தைக் கட்டின பிறகு சொட்டுகிறவர்கள் விதைப்பைக்குப் பின்னால் விரல் வைத்து முன்னோக்கி அழுத்தித் தடவினால் குழாயில் தங்கினது வந்துவிடும்.

தசையை அசைக்கவே தெரியாதவர்களுக்கும் அவசரம் தணியாதவர்களுக்கும் மின்தூண்டல் உண்டு. பெரும்பாலான பிஸியோ யூனிட்டில் இருக்கும் டென்ஸ் மெஷினின் ஒட்டுத்தகடுகளை உள் கணுக்காலுக்குச் சற்று மேலே வைத்து, 30 நிமிடம், 12 வாரம் செய்யும் முறை அவசரக்காரர்களுக்கு உதவலாம். பேஸ்மேக்கர் இருப்பவருக்கும் கர்ப்பிணிக்கும் கிடையாது.

ஊவா மிட்வைஃப்

எல்லோருக்கும் நன்றி. 45 நிமிடத்தில் நாலு கேள்வி, துவாய், இருமல், சாக்கு தூக்குவது இவ்வளவும் வைத்துக்கொள்கிறேன். கடைசியாக, பிஸியோவுக்கு அனுப்பும் கடிதத்தில் என்ன எழுதினால் உங்களுக்கு வேலை சுலபம்?

கண்டி பிஸியோ

"இடுப்பு வலி" என்று மட்டும் எழுதி வந்தால் முதுகுக்கு ஹீட் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் மிஸ். இப்படி எழுதுங்கள்: வயது, எத்தனை பிரசவம், கடைசிப் பிரசவம் எப்போது, ஆயுதமா கிழிசலா, எத்தனையாம் நிலை. இருமும்போதா, அவசரத்திலா, இரண்டுமா. நாளைக்கு எத்தனை தடவை துணி மாற்றுகிறார். இறக்கம் உண்டா. வலி உண்டா. சிறுநீர், சீனி ரிப்போர்ட்டின் திகதி. மூன்று நாள் கணக்குத் தாளை அதோடு பின் பண்ணிவிடுங்கள். மேலே பெரிதாக "அடித்தசைப் பரிசோதனைக்கும் பயிற்சிக்கும், பெண் பிஸியோ" என்று எழுதுங்கள். வரும் நாளில் மாதவிடாய் என்றால் வரவேண்டாம் என்று இல்லை. வரலாம், உள் பரிசோதனையை மட்டும் அடுத்த தடவைக்குத் தள்ளுவோம். அந்தக் காரணத்துக்காக கிளினிக்கையே விட்டுவிடுகிறவர்கள் அதிகம், அதைச் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.